ட்ரெயினோடு வீட்டுக்கு வந்தால்

எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பார்த்தால் எத்தனை கிலோ இறங்கியது என்றுதான் ஊரே கேட்கிறது. புண்ணில் ஊறும் நீரை வெளியேற்ற வைக்கும் ட்ரெயின் டியூபைப் பற்றி யாரும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. எனக்கு முதலில் இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் நடந்தது. எடை இறங்கி நிலைத்த பிறகு, தொடையில் உரசித் தொங்கிய வயிற்றுத் தோலைச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வெட்டி எடுத்தார்கள். ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது அடிவயிற்றின் இரு பக்கமும் ஒவ்வொரு டியூப், ஒவ்வொன்றின் நுனியிலும் மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் டப்பா. நர்ஸுகள் அதை ரோமோவாக் என்பார்கள்.

தோலையும் கொழுப்பையும் அகலமாக எடுத்த இடத்தில் நீர் ஊறும். அது உள்ளேயே தேங்கினால் வீங்கும், சீழ் பிடிக்கும், தையலும் விட்டுப்போகலாம். அமுக்கி மூடிய டப்பா விரியப் பார்க்கும்போது உண்டாகும் இழுவையில்தான் அந்த நீர் வெளியே வருகிறது. டப்பா முழுக்க உப்பிவிட்டால் இழுவை நின்றுவிட்டது என்று பொருள். அதனால் நீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் போலவே டப்பா அமுங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

டப்பாவைக் காலி செய்ய வார்டிலேயே ஒரு நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தார். "அக்கா, முதல்ல நல்லா அமுக்குங்க. அமுக்கின கையை விடாமயே மூடியைப் போடுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழு வேலையும் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மூடியைத் திறந்து, அளவு போட்ட கப்பில் ஊற்ற வேண்டும். வாய்ப் பகுதியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, டப்பாவை மேசை மேல் வைத்து உள்ளங்கையால் அமுக்கி மூட வேண்டும். அளவு குறைந்துவரும் நாட்களில் கப்பில் சரியாகத் தெரியாது. ஊசி மாட்டாத 20 மில்லி சிரிஞ்சில் உறிஞ்சிப் பார்த்தால் துல்லியமாகத் தெரியும். டியூபில் ரத்தம் கட்டி கட்டியாக நின்றால், தோலுக்குப் பக்கத்தில் ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களால் டப்பாவை நோக்கி வழித்துவிடுவார்கள். டாக்டர் செய்யச் சொல்லியிருந்தால் மட்டும் இதை வீட்டில் செய்யுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், இடது எவ்வளவு, வலது எவ்வளவு, என்ன நிறம். இரண்டையும் கூட்டி எழுதக் கூடாது. ஒரு பக்க டியூபை முந்தியும் மறுபக்க டியூபைப் பிந்தியும் எடுக்க நேரலாம். முதலில் ரத்தச் சிவப்பு, பிறகு இளஞ்சிவப்பு, அப்புறம் வைக்கோல் நிறம் என்று வெளுத்துக்கொண்டே போவதுதான் நல்ல போக்கு. 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் எடுத்துவிடலாம் என்பது பல சர்ஜன்களின் கணக்கு. ரிவியூவுக்குப் போனபோது டாக்டர் என் வயிற்றைப் பார்ப்பதற்கு முன்பே நோட்டைத்தான் வாங்கிப் பார்த்தார்.

பார்க்க வந்த சொந்தங்களுக்கு அந்தக் கணக்கு புரியாது. "இன்னுமா கண்ணு இதைத் தொங்கவிட்டிருக்கே, எடுத்துவிடச் சொல்லு" என்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவசரப்பட்டு எடுத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஊசி போட்டு உறிஞ்ச மறுபடி மறுபடி மருத்துவமனைக்கு அலைய நேரும். தேவைக்கு மேல் வைத்திருப்பதும் ஆகாது. டியூப் வழியாகவே கிருமி ஏறலாம். நாள் குறிக்க வேண்டியது டாக்டர்தான்.

இன்னொரு பேச்சு, முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்பது. ஊருக்கெல்லாம் முட்டை அனுப்பும் நாமக்கல் சீமையிலேயே இதை நம்புகிறார்கள். ட்ரெயினில் போகும் நீரில் புரதமும் சேர்ந்தே போகிறது. புண் ஆறப் புரதம் வேண்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் சேரவேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். சுருங்கிய இரைப்பையில் ஒரே வேளையில் அதிகம் இறங்காது. முட்டை, தயிர், கொள்ளு மசியல், டயட்டீஷியன் சொன்ன புரோட்டீன் பவுடர் என்று நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட்டேன்.

சித்திரை வெயிலில் வியர்வை பிளாஸ்திரியைக் கழற்றிவிடும். டியூப் எடுக்கும்வரை தலைக்குக் குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைப்பதுதான். முன்பக்கம் திறக்கும் நைட்டிதான் வசதி. பழைய புடவையில் இரண்டு சிறு பைகள் தைத்து, இடுப்பு நாடாவில் கட்டி, டப்பாக்களை அதில் போட்டுக்கொண்டேன். டியூப் போகும் இடத்தை விட டப்பா தாழ்ந்திருக்க வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை அப்போது முடியவே முடியாது. சர்ஜிக்கல் கடையில் கமோடு நாற்காலியை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வையுங்கள். ஆண்டகளூர்கேட் வழியாகச் சேலத்துக்குக் காரில் போகும்போது சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் சின்னத் தலையணை வைத்து, டியூப் நசுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

டியூபை உருவும்போது மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். சுரீரென்று இருந்தது, அதற்குள் முடிந்துவிட்டது. ஓட்டையில் ஓரிரு நாள் கசியும். பஞ்சு வைத்துக் கட்டினால் போதும்.

வெளுத்துவந்த நீர் திடீரென்று கருஞ்சிவப்பாகப் பெருகினாலோ, கலங்கி நாற்றம் அடித்தாலோ, நன்றாக வந்துகொண்டிருந்தது சட்டென்று நின்று வயிறு வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஸ்லீவ், இரைப்பை பைபாஸ் செய்து சில நாளே ஆனவர்கள் படபடவென்று நாடி ஓடுவதையும் இடது தோள் வலியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரைப்பைத் தையல் கசிவுக்கு அவை அறிகுறி. அவர்களில் பலருக்கு இப்போது ட்ரெயினே வைப்பதில்லை என்பதால், உடம்பு காட்டும் அறிகுறிதான் துணை.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பில் கட்டும் அவசரத்தில் கிளம்பிவிடாதீர்கள். நர்ஸ் பக்கத்தில் நிற்க, நீங்களும் வீட்டில் உங்களைக் கவனிக்கப்போகிறவரும் ஆளுக்கு ஒரு முறை டப்பாவைக் காலி செய்து, அமுக்கி மூடிக் காட்டுங்கள். இரவில் கூப்பிட வேண்டிய நம்பரையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.