காலிழந்தார் நடையும் மூவகை அளவையும்

நோயினாலேனும் விபத்தினாலேனும் கால் நீக்கப்பெற்றார்க்கு அறுவையோடு மருத்துவம் முற்றுப்பெறுவதில்லை. புண் ஆறியபின் எழுந்து நிற்றலும், செயற்கைக்கால் பூண்டு நடை பயிறலும் ஆகிய நெடும்பணி அதன்பின்னரே தொடங்குகின்றது. அப்பணியில் அவர் முன்னேறுகின்றாரா என்பதை எங்ஙனம் அறிவது? 'நன்றாக நடக்கின்றார்' என்னும் சொல் கூறுவார்தோறும் பொருள் வேறுபடும். ஆதலின் அளவை வேண்டப்படுகின்றது.

நம் தருக்க நூலார் அறிதற்கருவியாகிய அளவையைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுப்பர். அப்பகுப்பு இத்துறைக்கும் நன்கு பொருந்துதலை யாம் ஈண்டு ஒருவாறு காட்டுவாம்.

காட்சியாவது செய்கையை நேரே கண்டு அளத்தல். நாற்காலியினின்று எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பிவந்து அமர்தற்கு எத்துணை விநாடி செல்கின்றது எனக் கணக்கிடுவது ஒரு சோதனை. முதியோர்பொருட்டு 1991-இல் வெளியிடப்பெற்ற இது, காலிழந்தார்க்கும் பயன்படுகின்றது. 2 நிமிடத்தில் நடக்கும் தூரத்தை அளப்பது மற்றொன்று. கடிகாரமும் அளவு நாடாவும் உளவாயின் சிற்றூர் மருத்துவமனையிலும் இவற்றைச் செய்யலாம்.

உரையாவது காலிழந்தார் தாமே கூறுவது. படியேறல், மேடுபள்ளத்தில் நடத்தல், தரையிற் கிடக்கும் பொருளை எடுத்தல் முதலிய 14 செயல்களைப்பற்றி அவரையே வினவும் வினாத்தாளொன்று வழக்கில் உள்ளது.

கருதலாவது கண்டதுகொண்டு காணாததை உய்த்துணர்தல். செயற்கைக்கால் பொருத்துமுன்னரே, ஒற்றைக்காலில் நிற்கும் ஆற்றல் முதலியவற்றைச் சோதித்து, அவர் பின்னர் எத்துணை நடப்பார் என மதிப்பிடும் முறை 2002-இல் வெளிவந்தது. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு காலிழந்தாரை 0 முதல் 4 வரை ஐந்து நிலையினராகப் பிரிக்கின்றது. 0 நிலையினர்க்குச் செயற்கைக்கால் அளிக்கப்படுவதில்லை. எனவே ஈண்டுக் கருதல் பிழைபடின், நடக்கவல்லார் ஒருவர் நடையையே இழப்பர் அன்றோ!

காட்சியும் முழுதும் நம்பத்தக்கதன்று. ஒருவரே இருநாளில் நடப்பினும் அளவு சிறிது மாறும். நாற்காலிச் சோதனையில் ஏறத்தாழ 3.6 விநாடிக்குக் குறைந்த வேறுபாட்டை மெய்யான மாற்றமெனத் துணியலாகாது என 2011-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. அன்றியும், நாற்காலியில் அமர்தலை அளக்குங் கருவி சம்மணமிட்டு அமர்தலை அளவாது. தரையில் அமர்ந்தும், குந்தியும், வெறுங்காலோடு வயலில் இறங்கியும் வாழ்வார்க்கு ஏற்பவே, 1968-இல் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் சேத்தியும் ஜெய்ப்பூர்க் காலை உருவாக்கினர். அத்தகையார்தம் முன்னேற்றத்தை விநாடிக் கணக்கு மட்டும் எங்ஙனம் உரைக்கும்?

ஆகலின் மூவகை அளவையும் ஒருங்கே கொள்ளத்தக்கன. கண்டு அளக்குமுன், 'நீவிர் எங்கு நடக்க விரும்புகின்றீர்?' என வினவுதல் முறையாகும். அவ்விடத்திற்கு அவர் எத்துணை அணுகினார் என்பதே அளக்கத்தக்க தூரம் என்பது எம் துணிபு.