பரிசோதனையில் குறையில்லை, ஆயினும் வயிறு வலிப்பது ஏன்?

எண்டோஸ்கோபி செய்தாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று, இரத்தப் பரிசோதனையும் சரியாகவே உள்ளது. ஆனாலும் உண்டவுடன் வயிறு இறுக்கிப் பிடிக்கிறது. காலையில் மூன்று முறை கழிப்பறைக்குச் செல்ல நேர்கிறது. கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, வியாசர்பாடிப் பகுதிகளிலிருந்து எங்களிடம் வருவோரில் பலர் கூறும் குறை இது. உடன் வரும் உறவினர், "எல்லாம் மனப்பிரமைதான், டாக்டர்" என்று தாழ்ந்த குரலில் கூறுவதும் உண்டு. இக்கட்டுரை முதன்மையாக அந்த உறவினருக்கானது.

உறுப்பின் அமைப்பில் சிதைவு காணப்படாமல், அதன் இயக்கமும் உணர்வும் மாறியிருக்கும் நிலையைச் செயல்சார் செரிமானக் கோளாறு என்கிறோம். ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய் இவ்வகையைச் சார்ந்தது. எண்டோஸ்கோபிக் கருவி குடலின் உட்பரப்பைக் காட்டும். அதன் அடியிலுள்ள செல்களின் செயலைக் காட்டாது. அங்கேதான் மாஸ்ட் செல்கள் உள்ளன. 1878ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் இவற்றை இனங்கண்டார். உள்ளே துகள்கள் நிரம்பியிருந்ததால், நன்கு உண்டு கொழுத்தவை என்னும் பொருளில் இவற்றுக்குப் பெயரிட்டார். அத்துகள்களில் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்கள் உள்ளன. கிருமி வரும்போது இவற்றை வெளியிட்டு உடலைக் காப்பதே இந்நோயெதிர்ப்புச் செல்களின் பணி. இத்தாலிய ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஐ.பி.எஸ். நோயாளிகளின் பெருங்குடலில் நரம்பு நுனிகளை ஒட்டியே மாஸ்ட் செல்கள் மிகுந்திருந்தன. நரம்புக்கு அருகில் அவை எவ்வளவு மிகுந்தனவோ, வலியும் அவ்வளவு கடுமையாயிருந்தது.

இச்செல்கள் ஏன் ஓயாமல் விழித்திருக்கின்றன? சிலருக்கு இதன் தொடக்கம் ஒரு வயிற்றுப்போக்கே. கனடாவின் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் குடிநீரில் கால்நடைக் கழிவின் பாக்டீரியா கலந்தது. ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். 7 பேர் உயிரிழந்தனர். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, வயிற்றுப்போக்கு கண்டதாக மருத்துவ முறையில் கருதப்பட்டோரில் 36 விழுக்காட்டினருக்கு ஐ.பி.எஸ். இருந்தது, நோயுறாதோரில் 10 விழுக்காட்டினருக்கே இருந்தது. எட்டாம் ஆண்டில் பலர் தேறியிருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் குழாய்நீரில் கழிவுநீர் கலக்கும் துன்பத்தை அறிந்த வடசென்னை மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது அன்றைய பேதியை மட்டும் தடுப்பதில்லை.

பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 2021இல் மேலும் ஓர் உண்மையைக் காட்டினர். குடல் தொற்றின்போது எலிகளுக்குக் கொடுத்த உணவைக் குடல் பகையாகப் பதிந்துகொண்டது. தொற்று நீங்கிய பின்னும் அவ்வுணவு வந்தால் மாஸ்ட் செல்கள் சீறின. இந்த எதிர்ப்பு குடலோடு நின்றுவிட்டது, இரத்தத்தில் தென்படவில்லை. மனிதர்களில் இவ்வாய்வு சிலரிடம் மட்டுமே நடந்தது. ஆகவே, நூறு உணவுகளுக்கான இரத்தப் பரிசோதனைக்குப் பணம் செலவிட்டு, பாலையும் கோதுமையையும் பருப்பையும் ஒருசேர விலக்கி மெலிந்து வருவதை நாங்கள் ஏற்பதில்லை.

மனத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. கவலையின்போது மூளை விடுக்கும் ஹார்மோன்கள் மாஸ்ட் செல்களைத் தூண்டுகின்றன. அதனால் வலி பொய்யாகிவிடாது.

மாஸ்ட் செல்களை அளவிடும் சோதனை அன்றாடச் சிகிச்சையில் இல்லை. அழற்சியைத் தணிக்கும் மெசலசின் மாத்திரையைப் பல நாடுகளில் சோதித்தும் ஐ.பி.எஸ். நோயாளிகளுக்குப் பயன் தெரியவில்லை. மாறாக, நரம்பின் கூருணர்வைத் தணிக்கும் அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் பயன் தருவதை 2023இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. "இது மனச்சோர்வு மருந்தாமே!" என்று கூறிப் பாதியில் நிறுத்திவிடுவோர் பலர். மனச்சோர்வுக்குத் தரும் அளவைவிட மிகக் குறைவாகவே இதை வயிற்றுக்குத் தருகிறோம். நிறுத்துமுன் எங்களிடம் கேளுங்கள்.

மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, இரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவை செயல்சார் கோளாற்றின் அடையாளங்கள் அல்ல. ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் தொல்லையும், குடும்பத்தில் குடற்புற்றுநோய் இருப்பதும் அவ்வாறே கவனத்துக்குரியவை. இவற்றில் ஒன்றேனும் இருந்தால், முந்தைய பரிசோதனை சரியாக இருந்தது என்று காத்திராமல் பழைய அறிக்கைகளுடன் உடனே வாருங்கள்.