சான்றிதழா, நிதானமா?

கேள்வி: மதுரையில் சிறிய டிராவல் ஏஜென்சி நடத்துகிறேன். ஆள் எடுக்கும்போது டிக்கெட்டிங் சான்றிதழ் உள்ளவர்களுக்கே முன்னுரிமை தரலாமா?

பதில்: சான்றிதழ் இருப்பது நல்லதுதான், ஆனால் அதையே முதல் சல்லடையாக்க வேண்டாம். டிக்கெட் எடுத்துத் தருவதே ஏஜென்சியின் பிழைப்பாக இருந்த காலத்தில் அதற்கு மதிப்பு அதிகம். 2002-ல் ஐஆர்சிடிசி இணையத்தில் ரயில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. இன்று விமான டிக்கெட்டும் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. ஆக, உங்களைத் தேடி வருபவர் வாங்குவது டிக்கெட்டை அல்ல, சிக்கல் வந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்ற நிம்மதியை. 2020 மார்ச்சில் சர்வதேச விமானங்கள் நின்றபோது, பணத்தைத் திரும்பப் பெறவும், பதறுகிறவரிடம் பொறுமையாகப் பேசவும் தெரிந்த ஊழியர்தான் தேவைப்பட்டார். முன்பதிவு மென்பொருளைப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பொறுமையை அப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது.

‘புதியவர், பயணியின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தால் நஷ்டம் எனக்குத்தானே?’ என்பீர்கள். நியாயமான கவலை. ஆனால், கவனம் சான்றிதழில் தெரியாது, சோதித்தால்தான் தெரியும். நேர்காணலில் ஒரு மாதிரி பாஸ்போர்ட்டைக் கொடுத்து, ஷெங்கன் நாடுகளுக்குச் செல்லுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பின்னும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், வழங்கி 10 ஆண்டு கடந்திருக்கக் கூடாது என்ற விதிகளையும் கையிலேயே கொடுத்துவிடுங்கள். இதில் சோதிப்பது நினைவாற்றலை அல்ல, நிதானத்தை. இருவர் சமமாகத் தேறினால், அப்போது சான்றிதழ் உள்ளவரை எடுங்கள்.