குறைந்த செலவில் பிறந்தநாள் சோடனை

பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டாட வேண்டாம் என்று சொல்வதற்காக இந்தப் பாடத்தை எழுதவில்லை. வருடத்தில் ஒரு நாள், அந்த வீட்டின் எல்லோருடைய கண்ணும் தன்மேல் இருப்பதைப் பிள்ளை உணர்வது நல்லது. ஆனால் ஒரு பாயாசத்தோடும் புது உடுப்போடும் முடிந்த அந்த நாள், இன்று கிராமங்களிலும் வாடகைச் சோடனை, பெரிய பானர், பலூன் வளைவு என்று வளர்ந்துவிட்டது. அதற்கான காசு எங்கிருந்து வருகிறது என்பதை நமது தாய்மார் அறிவார்கள்.

மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றில் எங்கள் மாதர் வகுப்புக்கு வரும் ஒரு தாய், மகனின் மூன்றாவது பிறந்தநாளுக்குப் பட்டினத்திலிருந்து சோடனைக்காரரை அழைத்திருந்தார். பின்னேரம் ஐந்து மணிக்குக் கட்டியதை இரவு ஒன்பது மணிக்குக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரை மறைத்து நின்ற பெரிய சிங்கப் படத்தைக் கண்டு பிள்ளை பயந்து அழுதான் என்றும், படம் எடுக்கும்போது அவனைப் பிடித்து வைத்திருக்க வேண்டியிருந்தது என்றும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தச் செலவுக்காக அடகு வைத்த தோடு இன்னும் மீளவில்லை என்றார். அப்போது பிள்ளைக்கு ஐந்தாவது பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. “இந்த முறையும் கேட்கிறான், பக்கத்து வீட்டில் செய்துவிட்டார்கள். நான் என்ன செய்ய?” என்பது அவருடைய கேள்வி. 2024 இல் அந்தக் கேள்விக்கு விடையாக நாங்கள் ஒரு வாரம் கூடிச் செய்தவற்றையே இங்கு பாடமாகத் தருகிறோம்.

ஒரு பொருளைத் தெரிவு செய்தல்

வாடகைச் சோடனை அழகாகத் தெரிவதற்குக் காரணம் அதன் விலை அல்ல. அதில் ஒரே பொருள் திரும்பத் திரும்ப வருகிறது. நிறங்கள் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை. நாமோ கிடைக்கும் எல்லா நிறக் கடதாசியையும் வாங்கி, எல்லா மூலையிலும் ஒவ்வொன்றாகத் தொங்கவிடுகிறோம். செலவும் கூடுகிறது, வீடும் கலைந்ததுபோல் தெரிகிறது.

ஆகவே முதலில் ஒரு பொருளைத் தீர்மானியுங்கள். அதைப் பிள்ளையிடம் கேளுங்கள். தொலைக்காட்சியில் வரும் உருவத்தைத்தான் சொல்வான் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் கேட்டபோது அந்தச் சிறுவன் “மீன்” என்றான். மாமாவோடு கரைக்குப் போகும் பிள்ளைக்கு அது இயல்பான விடை. உட்பகுதிக் கிராமமானால் குளமும் தாமரையும் கொக்கும், தைமாதப் பிள்ளையானால் பட்டம், மலையகத்தில் குருவியும் கொழுந்துக் கூடையும் என்று எத்தனையோ உண்டு. பிள்ளைக்குத் தெரிந்த பொருளாக இருந்தால் அதைச் செய்வதில் அவனும் கை கொடுப்பான். இது நாம் வகுப்பில் நேரே கண்டது.

மீன் என்று தீர்மானித்தபின் நிறம் மூன்றுக்குள் நின்றோம்: கடலுக்கு நீலம், மீனுக்கு ஓலையின் வெள்ளை, அங்கங்கே மஞ்சள்.

ஓலை மீன்

இந்தச் சோடனையின் உயிரே இதுதான். பசை வேண்டாம், நூல் வேண்டாம், ஐந்து வயதுப் பிள்ளையும் இரண்டாம் முறை தானாகச் செய்யும்.

சார்வோலையை வெயிலில் காயவைத்து வெளுக்க விட்டு, ஓர் அங்குல அகலமும் எட்டு அங்குல நீளமும் உள்ள கீற்றுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். கீற்றைக் கிடையாக வைத்து, இடது நுனியிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, கீழ் ஓரத்திலிருந்து மேல் நோக்கிப் பாதி அகலம் வரை ஒரு வெட்டுப் போடுங்கள். வலது நுனியிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, இம்முறை மேல் ஓரத்திலிருந்து கீழ் நோக்கிப் பாதி அகலம் வரை மற்ற வெட்டு. இனி இரு நுனிகளையும் வளைத்துக் கொண்டுவந்து ஒரு வெட்டுக்குள் மற்ற வெட்டைச் செருகுங்கள். வளைந்த பகுதி மீனின் உடல், வெளியே நீட்டி நிற்கும் இரு நுனிகளும் வால். ஓலை முறிந்தால் நீரில் சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்தபின் வளைக்கவும். வெட்டு பாதியைத் தாண்டினால் கீற்று கிழிந்துவிடும், பாதிக்குக் குறைந்தால் செருகி நிற்காது. இந்த ஒன்றில்தான் கவனம் தேவை.

ஓலை கிடைக்காத இடத்தில் பழைய கலண்டர்த் தாள், கொப்பி மட்டை எதிலும் இதே மீனைச் செய்யலாம். கடதாசியில் செய்த மீனைக் கதிரைமேல் ஏறி நின்று கீழே விட்டால் சுழன்று சுழன்று விழும். இதைக் கண்டபின் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டுத் தேவைப்படவில்லை.

சார்வோலை வெட்டும்போது வட்டுக்குள் கத்தி போகாமல் பார்க்கவேண்டும். பனைக்கும் தென்னைக்கும் வளரும் முனை ஒன்றே. அது சேதமானால் மரம் பட்டுப்போகும். நான்கு மணி நேரச் சோடனைக்காக ஒரு மரத்தை இழக்கலாகாது. பழக்கமானவரைக் கொண்டு ஓர் ஓலை மட்டும் எடுப்பியுங்கள். ஓரளவு பெரிய சார்வோலை ஒன்றே ஒரு வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

கடதாசி மீன்கள், நிறம், பசை

மேசைக்குப் பின்னால் உள்ள சுவருக்குத் தட்டையான மீன்கள் வேண்டும். ஒரு ரிசுக் கடதாசி பெரும்பாலும் இருபது அங்குலம் அகலமும் முப்பது அங்குலம் நீளமும் கொண்டது. ஆறு அங்குல நீளமும் நாலு அங்குல அகலமும் உள்ள மீன் என்றால் அதில் இருபத்தைந்து மீன்கள் வரும். மட்டையில் ஒரு மாதிரி வெட்டி வைத்துக்கொண்டு, கடதாசியை மடித்து ஐந்தைந்தாக வெட்டினால் வேலை விரைவில் முடியும். வாங்கப் போகுமுன் இப்படிக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் நின்று யோசித்தால் பத்துத் தாள் வாங்கிவிடுவோம்.

வெள்ளைத் தாளில் நிறம் ஏற்ற மஞ்சள்தூள் கரைத்த நீரே போதும். மஞ்சள் பூசிக் காய்ந்த தாளின்மேல் சுண்ணாம்பு நீரைத் தூரிகையால் தொட்டால் அந்த இடம் சிவக்கும்; மீனுக்குச் செதில் போட இது நல்ல வழி. சுண்ணாம்பைப் பெரியவர்கள் மட்டுமே கையாளவேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. அலைகளுக்கு நீலம் வேண்டுமானால் உடுப்புக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்துப் பழைய தாள்களில் பூசுங்கள். கோடுகோடாக வந்தால் கவலை வேண்டாம், அலைக்கு அதுவே பொருத்தம்.

பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைக்கவும். ஒரு கோப்பை கொதிநீரில் அதை ஊற்றி, சிறு நெருப்பில் கண்ணாடிபோல் தெளியும்வரை துழாவி இறக்கவும். இரண்டு நாளைக்குள் பாவித்து முடிக்க வேண்டும். பூச்சி வராமலிருக்கத் துருசு சேர்ப்பவர்கள் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் பசையில் வேண்டவே வேண்டாம்.

சுவரும் மேசையும்

சுவருக்கு நாங்கள் பானர் அடிக்கவில்லை. அந்தத் தாயிடம் ஒரு பழைய நீலச் சீலை இருந்தது. இரண்டு ஆணிகளுக்கு இடையில் கயிறு கட்டி, சீலையைக் கொய்து தொங்கவிட்டு, அதன்மேல் ஒரு பழைய வலைத்துண்டை விரித்தோம். வலையின் கண்களில் மீன்களைக் குண்டூசி இல்லாமல் நூலால் கட்டினோம். நடுவில் பிள்ளையின் வயதை, அதாவது 5 என்ற எண்ணை, மஞ்சள் மீன்களாலேயே அமைத்தோம். பெயர் எழுதிய பானர் ஒரு நாளைக்கு மட்டும் உதவும். இந்த வலையில் அடுத்த வருடம் மீன்களை அவிழ்த்து 6 ஆக்கலாம்.

ஒரு தவறையும் சொல்லவேண்டும். வலையை ஒரே ஒரு முறை அலசி, காய்ந்துவிட்டது என்று முதல்நாள் இரவே கட்டிவிட்டோம். விடியப் பார்த்தால் அயலில் உள்ள பூனைகள் எல்லாம் சீலைக்குக் கீழே. இரண்டு கடதாசி மீன்களுக்கு வாலும் இல்லை. வலையை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, கடும் வெயிலில் காயவைத்த பின்பே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

மேசைக்கு வாழையிலை விரிப்பு. அதன்மேல் சிரட்டை நண்டுகள்: சிரட்டையைக் கவிழ்த்து, விளிம்பின் கீழ் ஒரு மட்டை வட்டத்தை ஒட்டி, அதில் மடித்த ஈர்க்குகளைக் கால்களாகச் செருகவேண்டும். சிப்பியும் சோகியும் கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கலாம். முருகைக்கல்லை மட்டும் கடலிலிருந்து எடுக்க வேண்டாம். அது சட்டப்படி தடை. மீன் குஞ்சுகள் ஒதுங்கும் இடமும் அதுதான்.

வாசலுக்குத் தென்னங்குருத்துத் தோரணம் கட்டினால் வீடு நிறைந்துவிடும். நல்ல காரியத்துக்குரிய தோரணமும் இழவு வீட்டுத் தோரணமும் மடிப்பில் வேறுபடும் என்பது உங்களுக்குத் தெரியும். இளையவர்கள் அவசரத்தில் மாற்றிக் கட்டிவிடுவதுண்டு, ஒரு பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொலித்தீன், பலூன், மெழுகுதிரி

பொலித்தீன் கொடிகளும் தோரணங்களும் மலிவு என்று பலர் வாங்குகிறார்கள். 2017 செப்டெம்பர் முதல், எந்த வைபவத்திலும் பொலித்தீனைச் சோடனைக்குப் பாவிப்பதை இலங்கையில் வர்த்தமானி மூலம் தடை செய்திருக்கிறார்கள். 2023 ஒக்ரோபரில் ஒரு முறை மட்டும் பாவிக்கும் பிளாஸ்ரிக் மாலை, உறிஞ்சுகுழாய், தட்டு, கரண்டி போன்றவையும் தடைக்குள் வந்தன. தடையை விடுங்கள், விழா முடிந்த மறுநாள் அந்தக் குப்பை மாட்டின் வயிற்றுக்குள் போவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

பலூன் இல்லாத பிறந்தநாளைப் பிள்ளைகள் ஏற்பார்களா என்று வகுப்பில் கேட்டார்கள். ஐந்தாறு பலூன் கட்டினால் குற்றமில்லை. ஆனால் வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கவேண்டும். சிறு பிள்ளைகள் அதை வாயில் வைத்து உறிஞ்ச, தொண்டையில் அடைத்து மூச்சு நின்றுவிடும் ஆபத்து உண்டு. எட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பலூன் ஊதவும் விடக்கூடாது.

ஓலையும் ரிசுக் கடதாசியும் ஒரு நொடியில் பற்றும் பொருட்கள். கேக் மேசையைச் சுவரிலிருந்து ஒரு பாகமாவது முன்னே இழுத்து வையுங்கள். மின்விசிறி சுழலும்போது மெழுகுதிரி கொளுத்த வேண்டாம், தொங்கும் மீன்கள் பறந்து வந்து சுடரில் விழும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும்.

யார் செய்வது?

தாய் மட்டும் இரவில் கண்விழித்துச் செய்தால் இதுவும் ஒரு பாரம்தான். நாங்கள் செய்த முறை இது. விழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அயல் பிள்ளைகளை அழைத்து, ஆளுக்குப் பத்துக் கீற்றுகள் கொடுத்தோம். மூத்த பிள்ளைகள் வெட்டுப் போட, சின்னவர்கள் செருகினார்கள். ஒவ்வொருவரும் தமது மீன் ஒன்றில் தமது பெயரை எழுதினார்கள். தேனீரும் அவித்த கடலையும் கொடுத்தோம்.

இதை ஓலைக்காக மட்டும் செய்யவில்லை. பரிசு வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வருவதில்லை. “காய்ச்சல்” என்று தாய் சொல்லி அனுப்புவார். இரண்டு வருடத்துக்கு முந்திய அந்தப் பெரிய விழாவில், வேலிக்கு அப்பால் நின்று பலூனைப் பார்த்த பிள்ளைகள் இருவர் இருந்தனர் என்று அதே தாய்தான் சொன்னார். இம்முறை அவர்கள் இருவரும் வந்தார்கள். அவர்களுடைய மீன்கள் ஏற்கெனவே வலையில் தொங்கிக்கொண்டிருந்தன. வந்தவுடன் ஓடிப்போய் எது தம்முடையது என்று தேடினார்கள். பரிசு கொண்டுவந்தார்களா என்று பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். ரிசுக் கடதாசி மூன்று, நூல் கட்டை ஒன்று, நீலம், மா, மஞ்சள், ஆறு பலூன் எல்லாம் சேர்ந்து எழுநூறு ரூபாவைத் தாண்டவில்லை. ஓலை இறக்கியவர் காசு வாங்க மறுத்துவிட்டார், அவருக்குக் கேக் அனுப்பினோம். தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் அதோடு இன்னொன்று சேரவில்லை.

விழா முடிந்தபின் ஓலை மீன்களை ஒரு பெட்டியில் போட்டு ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த வீட்டுப் பிறந்தநாளுக்கும் உதவும். சீலையைத் தோய்த்து மடியுங்கள். வலைத்துண்டை மறுநாளே கொடுத்தவரிடம் சேர்த்துவிடவேண்டும். அதற்கு முன் நூல் முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்து, வலை முழுவதையும் ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். எங்கள் வலையில் யாரோ ஒருவர் சொல் கேளாமல் குத்திய குண்டூசி ஒன்று இருந்தது.