கேள்வி போய்ச் சேராத மாணவி

பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் முடியும்போது மாணவர்களிடம் வினாக்கொத்து ஒன்று கொடுப்பார்கள். விரிவுரை விளங்கியதா, குறிப்புகள் பயன்பட்டனவா என்று அதில் கேட்கப்படும். இதுவே மாணவர் பின்னூட்டல். கற்பித்தலில் கணினியும் கைபேசியும் கலந்துவிட்ட இன்று, அவை கற்றலுக்கு உதவினவா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அதை எப்படிக் கேட்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எமது மாவட்டத்தில் பம்பைமடுவில் அமைந்துள்ள வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமானது. அதற்கு முன்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது. 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் நாட்டின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் சூமுக்கு மாறின. பாடக்குறிப்புகள் மூடில் போன்ற தளங்களில் ஏற்றப்பட்டன. பல்கலைக்கழகத் தளங்களை டேட்டாக் கட்டணமின்றிப் பார்க்கவும் ஒழுங்கு செய்யப்பட்டது. ஆனால் கட்டணம் இல்லையென்பதால் சிக்னல் வந்துவிடாது. ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் வீட்டில் அந்தச் சலுகை மூன்றில் ஒருவருக்கே பயன்படும்.

இத்தகைய மாணவர்களிடம் இணையப் படிவத்தில் கருத்துக் கேட்டால் என்ன நடக்கும்? இணைப்பு உள்ளவர் பதில் எழுதுவார். இல்லாதவருக்குக் கேள்வியே போய்ச் சேராது. முடிவில் "பெரும்பாலானோர் திருப்தி" என்று அறிக்கை வரும்.

இதற்கு வரலாற்றில் பெயர்பெற்ற ஓர் உதாரணம் உண்டு. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜெஸ்ட்' சஞ்சிகை ஜனாதிபதித் தேர்தல் பற்றி ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிலளித்தனர். லாண்டன் வெல்வார் என்றது சஞ்சிகை. 48 மாநிலங்களில் 46ஐ வென்றவர் ரூஸ்வெல்ட். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி, மோட்டார் கார் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. வசதி குறைந்தோர் பலர் அந்தப் பட்டியல்களில் இல்லை. பதில் அனுப்பாதவர்களின் எண்ணமும் கணக்கில் வரவில்லை. பதில்களின் தொகை பெரிதாக இருந்தும் முடிவு பிழைத்தது.

ஆகவே முதலாவது, இணையப் படிவத்தோடு கடதாசிப் படிவமும் வேண்டும். விரிவுரைக்கு வராதவர்களை வகுப்புப் பிரதிநிதி மூலமோ தொலைபேசி மூலமோ தேடிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். "தொழில்நுட்பம் உதவியதா?" என்றால் "ஆம்" என்பதோடு முடிந்துவிடும். எந்தக் கருவியில் படித்தீர்கள், அது யாருடையது, கடந்த வாரம் எத்தனை விரிவுரைகள் இடையில் அறுந்தன, பதிவை மீண்டும் பார்க்க முடிந்ததா என்று கேட்டால் விடை பயன்படும். கமெராவைத் திறந்து வைக்கச் சொன்னது சிரமமாக இருந்ததா என்றும் கேட்க வேண்டும். வீட்டில் ஒதுக்கமான இடமில்லாத மாணவி அதைத் தானாகச் சொல்லமாட்டாள். ஆங்கிலத்தில் கற்றாலும், தாய்மொழியில் பதில் எழுத அனுமதி தேவை.

மூன்றாவது, பெயர் வெளிப்படக்கூடாது. மின்னஞ்சல் முகவரியைப் பதிவுசெய்யும் படிவத்தில் எவரும் மனந்திறந்து எழுதமாட்டார்.

நான்காவது, பாடத்தின் நடுவிலேயே கேட்க வேண்டும். இறுதியில் சொல்லும் குறை அடுத்த அணியினருக்கே உதவும். கேட்டபின் எதை மாற்றினோம், எதை மாற்ற முடியவில்லை என்று மாணவர்களுக்கு அறிவிக்கவும் வேண்டும். இல்லையேல் அடுத்த முறை அவர்கள் எழுதமாட்டார்கள்.

எமது மார்க்கம் காரியங்களில் மஷூராவை வலியுறுத்துகிறது. அல்குர்ஆனின் 42ஆவது அத்தியாயத்துக்கே அஷ்ஷூறா என்று பெயர். சபையில் இருப்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுந்தால் மஷூரா நிறைவேறியதாக நான் கருதவில்லை. வரமுடியாதவரின் நிலையையும் விசாரிக்க வேண்டும்.

உயர்தரத்தில் பொதுத் தகவல் தொழில்நுட்பம் கற்கும் நாம் நாளை அந்த விரிவுரை மண்டபங்களில் அமர்வோம், இன்ஷா அல்லாஹ். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வட்ஸ்அப் குழுவில் பாடக்குறிப்பு அனுப்பப்படும் எமது வகுப்பிலேயே தொடங்கலாம். அந்தக் குழுவில் இல்லாத தோழி யார், அவளுக்குக் குறிப்பு எப்படிக் கிடைக்கிறது என்பதே முதற் கேள்வியாக இருக்கட்டும்.