மலை வீதிக்கு வந்த பழைய சைக்கிள்

1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின்பின் மலையகத்தைவிட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிப் பயிர் செய்த குடும்பங்களுக்குச் சைக்கிள் புதிதல்ல. 1990க்குப் பின் வடக்கில் எரிபொருளுக்குத் தடை இருந்த ஆண்டுகளில் நெல் மூட்டை, விறகு, நோயாளி எல்லாம் சைக்கிளிலே போயின. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோதும் பலருடைய உடைமை முழுவதும் சைக்கிள் கரியரில்தான் இருந்தது.

ஆனால் அதெல்லாம் சமதரை. பிரேக் இல்லாவிட்டால் காலை ஊன்றி நிறுத்திவிடலாம். கலஹாவில் அது நடக்காது. பேராதனையிலிருந்து ஹிந்தகல வழியாக மேலே வரும் வீதியைப் பஸ்ஸில் இருந்து பார்த்தாலே போதும். ஏறும்போது இறங்கித் தள்ளலாம்; இறங்கும்போது பிரேக்கைத் தவிர வேறு துணை இல்லை. ஆகவே இந்தப் பாடத்தைச் சங்கிலியில் அல்ல, பிரேக்கில் தொடங்குகிறோம்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது பலர் சைக்கிள் வாங்கினார்கள். அப்படி வாங்கிப் பின்னர் மூலையில் சாத்திவைத்த ஒன்று, வளைந்த ஹாண்டிலும் ஒடுங்கிய டயரும் கொண்ட ரேசிங் சைக்கிளாகவே உங்கள் கைக்கு வரலாம். மூட்டை கட்ட அது உதவாது. தார் வீதியில் போய்வர உதவும்.

முதலில் ரிம்மைப் பாருங்கள். ஒரு காந்தத்தை வைத்தால் ஒட்டுகிறதா? ஒட்டினால் அது இரும்பு ரிம். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். காய்ந்த வீதியில் நிற்கிற தூரத்தைப்போலப் பல மடங்கு ஓடித்தான் நிற்கும். நமது பக்கத்தில் மழை எப்போது வரும் என்று யார் சொல்வது? இரும்பு ரிம் உள்ளவர்கள் மழையில் இறக்கத்தில் ஏறி ஓட வேண்டாம், தள்ளிக்கொண்டு வாருங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியம். அது பரவாயில்லை. ஆனால் கட்டை உரசும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். குழிந்திருந்தால் ரிம் தேய்ந்து மெலிந்துவிட்டது. காற்றின் அழுத்தத்தில் வெடிக்கக்கூடும். அந்தச் சில்லை மாற்றாமல் ஓடக் கூடாது.

அடுத்தது கட்டை. மூலையில் கிடந்த சைக்கிளின் கட்டை கல்லாக இறுகியிருக்கும். மேற்பரப்பை மண் தாளால் உரசி, உள்ளே பதிந்த மணலையும் உலோகத் துகளையும் ஊசியால் கிளறி எடுங்கள். பள்ளங்கள் தேய்ந்து மறைந்திருந்தால் புதிது போடுங்கள். கட்டை ரிம்மில் மட்டுமே பட வேண்டும், டயரில் பட்டால் டயரைத் தின்றுவிடும். பிரேக் பிடியருகே கேபிளில் ஒரு நூல் அறுந்திருந்தாலும் முழுக் கேபிளையும் மாற்றுங்கள். மீதி நூல்கள் இறக்கத்தின் நடுவிலேதான் அறும்.

பிரேக் கிறீச்சிடுகிறது என்று நானும் ஒருமுறை ரிம்மில் எண்ணெய் பூசினேன். சத்தம் நின்றது. சைக்கிள்தான் நிற்கவில்லை. தேயிலைச் செடிகள் என்னை ஏந்திக்கொண்டன. ரிம்மில் எண்ணெயோ மண்ணெண்ணெயோ பட்டால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவித் துணியால் துடைத்த பிறகே ஓடுங்கள்.

இனிச் சங்கிலி. கரியும் மணலும் சேர்ந்த பழைய எண்ணெயின்மேல் புது எண்ணெய் விடுவது அரம் பூசுவதற்குச் சமம். பழைய பல் தூரிகையை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்து (அடுப்பிலிருந்து தூரத்தில் வைத்து), துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி. பெடலைப் பின்பக்கம் சுற்றி, சிறிது நேரத்தின்பின் வெளியே நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருக்க வேண்டும், வெளியே அல்ல. தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும். வாகனத்திலிருந்து இறக்கிய கறுப்பு ஒயிலில் உலோகத் துகள் இருக்கும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது, ஆனால் மழை கழுவிவிடும். மழைக் காலத்தில் அடிக்கடி விட வேண்டும்.

சங்கிலி தேய்ந்ததா என்று அறிய பிள்ளைகளின் அடிமட்டம் போதும். ஓர் ஆணியின் நடுவில் தொடங்கி 12 அங்குலம் அளந்தால் இன்னோர் ஆணியின் நடுவில் சரியாக முடிய வேண்டும். அந்த ஆணி 1/16 அங்குலம் தள்ளியிருந்தால் சங்கிலியை மாற்றும் காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தள்ளியிருந்தால் பற்சில்லும் தேய்ந்திருக்கும், செலவு இரட்டிப்பாகும். வாங்கும்போதே அளந்து பாருங்கள். விலை பேசவும் உதவும்.

டயரின் பக்கத்தில் வெடிப்பு உள்ளதா பாருங்கள். எவ்வளவு காற்று என்பது டயரிலேயே அச்சிட்டிருக்கும். ஒடுங்கிய டயருக்குக் காற்றுக் குறைந்தால் குழியில் விழும்போது டியூப் நசுங்கிப் பஞ்சராகும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹாண்டில் கழுத்தில் 'டக்' என்றால் அங்கே தளர்வு. கழுவும்போது சில்லின் அச்சுக்குள் தண்ணீரை வேகமாக அடிக்க வேண்டாம், உள்ளே உள்ள கிறீஸ் போய்விடும்.

எல்லாம் முடிந்ததும் நேரே இறக்கத்துக்குப் போகாதீர்கள். ஒரு மைதானத்தில் இரண்டு பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். பிறகு ஒரு சிறு சரிவு. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் பிடித்தால் ரிம் சூடாகும். பிடித்தும் விட்டும், ஆரம்பத்திலிருந்தே மெதுவாக வாருங்கள். நடுவில் ஓரிடத்தில் இறங்கி ரிம்மின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஆறும்வரை வீதியோரத்தில் இருந்துவிட்டுப் புறப்படுங்கள்.