வெளுப்பதா, சாயம் ஏற்றுவதா? மங்கிய துணிக்கு ஒரு வழிகாட்டி

தீபாவளிக்கு எடுத்த கறுப்புச் சட்டை பொங்கலுக்குள் சாம்பல் பூத்துவிடுகிறது. பெட்டியில் மடித்து வைத்த வெள்ளை வேட்டி பழுப்பேறிக் கிடக்கிறது. பையனின் பள்ளிச் சட்டை, சிவப்புச் சுங்குடியோடு ஒரே பக்கெட்டில் ஊறி ரோஸ் நிறத்தில் எழுந்து வருகிறது. மூன்றையும் பார்த்து நாம் சொல்வது ஒன்றுதான்: “கலர் போச்சு.”

உண்மையில் முதல் சட்டையில் நிறம் மறைந்திருக்கலாம். வேட்டியில் வேண்டாத நிறம் சேர்ந்திருக்கிறது. பள்ளிச் சட்டையில் அடுத்த துணியின் சாயம் குடியேறியிருக்கிறது. சாயமே போய்விட்ட துணி நான்காவது ரகம். எந்த ரகம் என்று பார்க்காமல் பிளீச் புட்டியைத் திறந்து, ஒரு நல்ல பருத்திச் சட்டையை நானே கரித்துணி ஆக்கியிருக்கிறேன்.

முதலில் இரண்டு சோதனை

உள்தையலில் இருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாடையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தி. முடி கருகிய நாற்றம் வந்தால் பட்டு அல்லது கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். சாம்பலும் மணியும் கலந்து தெரிந்தால் டெரிகாட்டன் போன்ற கலப்புத் துணி.

அடுத்து, கீழ் மடிப்பைப் பிரித்து உட்புறத்தை வெளிப்புறத்தோடு ஒப்பிடுங்கள். உள்ளே அடர்த்தியாகவும் வெளியே மங்கலாகவும் இருந்தால் காரணம் வெயில் அல்லது உராய்வு. உள்ளும் புறமும் ஒரே மாதிரி வெளிறியிருந்தால் சாயம் துவைத்த தண்ணீரோடு போய்விட்டது.

நிறம் இருந்தும் தெரியவில்லை என்றால்

பருத்தித் துணி அடிக்கடி உரசும்போது மேலே மெல்லிய பிசிறுகள் எழும்புகின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. துணியை இழுத்துப் பிடித்து, ஒரு ரூபாய் அகலத்துக்கு ரேஸரால் மெதுவாக வழித்துப் பாருங்கள். அடியில் பழைய நிறம் தெரிந்தால் சாயம் வாங்கவே வேண்டாம். பிசிறு எடுக்கும் சிறு மெஷின் போதும்.

போர்வெல் தண்ணீரில் துவைப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உப்புத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து துணிமேல் வெண்படலமாகப் படியும். ஐந்து லிட்டர் தண்ணீரில் அரை டம்ளர் வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து அலசினால் அது கரையும். செலவு குறைந்த வழி என்பதால் எந்தக் கறுப்புத் துணிக்கும் இதை முதலில் செய்துபார்க்கலாம்.

வெள்ளை பழுப்பானால்: நீலமா, குளோரினா, ஆக்ஸிஜனா?

சொட்டு நீலம் பழுப்பை எடுப்பதில்லை. மஞ்சளுக்கு எதிர்நிறமான நீலத்தைத் துளி சேர்த்து, கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டுகிறது. மறுநாள் கல்யாணத்துக்குக் கட்ட வேண்டிய வேட்டிக்கு அது போதும். ஆனால் அழுக்கு மிச்சமிருக்கும் துணியில் வாராவாரம் நீலம் போட்டால், கடைசியில் அது வெள்ளையுமில்லாமல் நீலமுமில்லாமல் நிற்கும்.

குளோரின் பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், வேகமானது. வெள்ளைப் பருத்திக்கு மட்டும் சரி. பட்டையும் கம்பளியையும் அரித்துவிடும். இழுபடும் நூல் கலந்த துணியை மஞ்சளாக்கும். அக்குளில் படிந்த வியர்வைக் கறையை இன்னும் கெட்டியாக்குவதும் உண்டு. போர்வெல் தண்ணீரின் இரும்பால் வந்த செம்பழுப்பில் இதை ஊற்றவே கூடாது. கறை இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். அதற்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, வெயிலில் சற்று வைத்து அலசுவதே வழி. இன்னொன்று: வினிகரோடோ கழிவறை ஆசிட்டோடோ பிளீச்சைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். ஒன்று முடிந்து, துணியை நன்றாக அலசிய பிறகே மற்றது.

ஆக்ஸிஜன் வெளுப்புத் தூள் மெதுவானது. கறை நீக்கும் பொடி வாங்கும்போது பாக்கெட்டில் ‘சோடியம் பெர்கார்பனேட்’ என்று இருக்கிறதா பாருங்கள். தண்ணீரில் போட்டால் அது ஹைட்ரஜன் பெராக்ஸைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். பச்சைத் தண்ணீரில் சோம்பிக் கிடக்கும். கை பொறுக்கும் சூட்டில்தான் வேலை செய்யும். ஐந்து லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டு நாலைந்து மணி நேரம் ஊறவிடுங்கள். பெரும்பாலான வண்ணப் பருத்திக்கும் ஒத்துவரும், ஓரத்தில் சோதித்துவிட்டு இறங்கலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் இதுவும் வேண்டாம்.

மஞ்சள்தூள் கறைக்கு மட்டும் இலவச மருந்து ஒன்று இருக்கிறது. சோப்புப் பட்டதும் கறை சிவப்பது காரத்தால், பயப்பட வேண்டாம். அலசிவிட்டு வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறமி வெளிச்சத்தில் சிதைந்துவிடும்.

அடுத்த துணியின் சாயம் ஒட்டினால்

இங்கே மருந்தைவிட நேரம் முக்கியம். ஒட்டியதைக் கண்டதும் காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஈரத்தோடு சூடான சோப்புத் தண்ணீரில் மறுபடி துவைத்தால் பாதி இறங்கிவிடும். மீதிக்கு ஆக்ஸிஜன் தூள்.

அதற்கும் அசையாத வெள்ளைப் பருத்திக்கு, சாயப்பட்டறைகளில் ‘ஹைட்ரோஸ்’ என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் இருக்கிறது. சூடான தண்ணீரில் சலவைச் சோடாவோடு சேர்த்தால் பலவகைச் சாயங்களை உரித்து எடுத்துவிடும். துணியின் சொந்த நிறத்தையும் விடாது என்பதால் வண்ணத் துணிக்கு ஆகாது. கந்தக நெடி வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. மீதியைக் குளியலறையில் வைக்காதீர்கள்.

புதுத்துணியைக் கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். உப்புத் தண்ணீரில் இருக்கும் வரை சாயம் அதிகம் வெளியேறாது, அவ்வளவுதான். துணியோடு சாயத்தைப் பிணைக்க உப்பால் முடியாது. முதல் நான்கைந்து முறை தனியாகத் துவைப்பதே நிச்சயமான காவல்.

சாயமே போய்விட்டால்: பாக்கெட் சாயமா, ரியாக்டிவ் சாயமா?

கடையில் பாக்கெட்டாகக் கிடைக்கும் வெந்நீர்ச் சாயம் சுலபம். கொதிநீர், உப்பு, முக்கால் மணி நேரம். ஆனால் சாயம் நூலில் தளர்வாகவே ஒட்டியிருக்கும். ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் விடும். கூடத் துவைக்கும் துணியையும் கெடுக்கும்.

ரியாக்டிவ் சாயம் பருத்தி நூலோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த இந்த இனம்தான் இன்று திருப்பூர் பனியன் துணியிலும் பெருமளவு ஏறுகிறது. சாயக் கடையில் ‘கோல்டு பிராண்ட்’ என்று கேட்டால், கொதிக்கவைக்கத் தேவையில்லாத வகை கிடைக்கும். 200 கிராம் எடையுள்ள சட்டைக்கு நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், அடர் நிறத்துக்கு 8 கிராம் சாயம், 200 கிராம் உப்பு. அரை மணி நேரம் புரட்டிவிட்டு, துணியை வெளியே எடுத்து, 50 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து மறுபடி இட்டு ஒரு மணி நேரம். கறுப்புக்குச் சாயம் இரண்டு மடங்கு. கடைசியில் சூடான சோப்புத் தண்ணீரில் தெளிநீர் வரும்வரை அலச வேண்டும்; இந்த வேலையைச் சுருக்கினால் சாயம் விட்டுக்கொண்டே இருக்கும். கையுறையும் முகமூடியும் அவசியம். பொடி மூச்சில் போகக் கூடாது. சமையல் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.

எந்தச் சாயமானாலும் பழைய நிறத்தின்மேல்தான் உட்காரும். மஞ்சள்மேல் நீலம் போட்டால் பச்சை வரும். கறையை மறைக்க, கறையைவிட அடர்ந்த நிறம் வேண்டும். தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர். அது பழைய நிறத்திலேயே பளிச்சென்று நிற்கும். பாலியெஸ்டர் துணியே வீட்டுச் சாயத்துக்கு மசியாது. பட்டறையில் அதற்கு 130 டிகிரி வரை சூடு கொடுக்கிறார்கள். பட்டுப்புடவையைச் சாயக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். ஜரிகை போனால் திரும்பாது.

மிஞ்சிய சாயத்தண்ணீரைச் செடிக்கோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். திருப்பூரின் நொய்யல் ஆற்றுக்குச் சாயத்தைப் போலவே உப்பும்தான் எமனானது. 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது போனது.

என் தீர்ப்பு

சாம்பல் பூத்த கறுப்புக்கு ரேஸரும் வினிகரும். பழுப்பேறிய வெள்ளைக்கு ஆக்ஸிஜன் தூள், நீலம் அவசரத்துக்கு. சாயம் ஒட்டிய துணிக்கு உடனடிச் சலவை. சாயம் போன பருத்திக்கு ரியாக்டிவ், அதுவும் துணி இன்னும் இரண்டு வருடம் உழைக்கும் என்றால் மட்டும். கழுத்துப்பட்டி நைந்திருந்தால் சாயத்துக்குச் செலவழிக்காதீர்கள். அது கரித்துணியாக இன்னும் ஆறு மாதம் நன்றாக உழைக்கும்.